வரிசையில் நின்றவள்

“என்கிட்ட அவ சொல்லவே இல்லீங்க.”

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் பாஸ்டர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கை குலுக்கும்போது ஒரு தடவை, வழியனுப்பும்போது இன்னொரு தடவை. பிரசங்கம் செய்து பழகிய குரல். ‘சொல்லவே’ என்ற இடத்தில் தானாக உடைந்தது. கேட்டவர்களும் உச்சுக்கொட்டி, “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பாங்க” என்று அவருக்குத் தோதாகவே பேசினார்கள்.

ஹாலின் நடுவே சவப்பெட்டிக்குள் மனைவி கிடந்தாள். மார்பில் கட்டி. டாக்டர் பார்த்தபோது அது எலும்பு வரை போயிருந்தது. மூலையில் மச்சினி அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைக் குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது எல்லாம் அவள்தான். அத்தான் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

சபையில் ஒலிபெருக்கி பார்ப்பவன் ஒயரும் மைக்குமாக வந்தான். எல்லோருக்கும் அவன் ‘மைக்செட்’. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

“அன்னிக்கே அம்மாவுக்கு ஒடம்பு முடியல போல பாஸ்டர். நமக்குத்தான் புரியல.”

“என்னிக்கு?”

“பெரிய மழை பெஞ்சுதே, அந்த ஞாயித்துக்கிழமை. வியாதிக்காரங்களுக்கு நீங்க கை வெச்சு ஜெபம் பண்றப்ப, அம்மா கீபோர்டை விட்டுட்டு எறங்கி வந்து வரிசைல நின்னாங்களே. போய் வாசின்னு கை காட்டினீங்க. சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. நான்கூட சத்தத்தைக் கூட்டி வெச்சேன்.”

அவன் குத்திக்காட்டவில்லை. அதெல்லாம் தெரியாதவன்.

பாஸ்டருக்கு நினைவு வந்தது. ஒரு கை யாரோ ஒருவர் தலைமேல் இருந்தது. இன்னொரு கையால் அவளைக் கோழியை விரட்டுவதுபோல விரட்டியிருந்தார். இசை நின்றால் ஜெபத்தின் சூடு ஆறிவிடும் என்ற எரிச்சல். வீடு திரும்பும்போது திட்டவும் செய்தார். “சரி, இனிமே வரல” என்றாள் அவள். வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவரால் நினைக்க முடியவில்லை. வீட்டில் அவர் எப்போதும் போனில் வேறு யாருடைய நோவுக்காகவோ ஜெபித்துக்கொண்டிருப்பார்.

சபையின் தையல்காரம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமே சொல்லலையா பாஸ்டர்?”

வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. மைக்செட் சாகும்வரை வாய் திறக்க மாட்டான். மூலையில் ஓடிக்கொண்டிருந்த மச்சினியின் இஸ்திரிப்பெட்டி நின்றது.

“சொல்ல வந்தா” என்றார். “நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்.”

தையல்காரம்மா விழித்தாள். “நீங்க என்ன பண்ணுவீங்க, எத்தனை பேருக்கு ஜெபம் பண்றவரு…” என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள். பிறகு, பழக்கதோஷம், தலையைக் குனிந்தாள். “எனக்கும் கொஞ்ச நாளா மனசே சரியில்ல பாஸ்டர். தூக்கமும் இல்ல. தலைல கை வெச்சு ஒரு ஜெபம் பண்ணிருங்க.”

அவர் கை பாதி வரை எழுந்தது. அதற்கு மேல் எழவில்லை. அந்தக் கையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. கீழே இறக்கி, இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. டாக்டர்கிட்ட போனீங்களா?”

“இதுக்கெல்லாமா? நீங்க ஜெபம் பண்ணினா போதும்.”

“பண்றேன். கண்டிப்பா பண்றேன். டாக்டரையும் பாக்கணும். மொதல்ல என்னன்னு சொல்லுங்க.”

“இப்பவா? வாசல்ல ஜனங்க நிக்கிறாங்களே.”

“நிக்கட்டும்.”

அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கே தொடங்குவதென்று தெரியாமல், மகன் தன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட கதையிலிருந்து மெல்ல ஆரம்பித்தாள். குரல் சரியாகக் கேட்கவில்லை. பாஸ்டர் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக் குனிந்தார்.

மச்சினி சட்டையை மடித்து வைத்துவிட்டு, அக்காவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.