நான்காம் நிலையத்தின் முதல் அசைவு

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பன்னிரண்டுக்குத் தரை அதிர்ந்தபோது அவர் அலுவலகச் சாப்பாட்டறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். மேசை மேலிருந்த குவளையில் தண்ணீர் நடுங்கியது. இருபத்திரண்டு வருடமாகப் பூமியின் அசைவைத் திரையில் பார்த்தே வயிறு வளர்த்தவருக்கு, அது காலுக்கடியிலேயே வந்து நின்றது இது மூன்றாவது முறை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார்.

நகரைச் சுற்றி நான்கு இடங்களில் பதிவு நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் குனிந்து இறங்கும் அளவுக்கு ஒரு நிலவறை. உள்ளே பாறைமேல் ஒரு கருவி. நான்கின் கோடுகளும் அவருடைய திரையில் நாள் முழுக்க ஓடும். அன்று நான்கும் சிலிர்த்து எழுந்திருந்தன. மூன்றில் முதல் அசைவு மேலே போயிருந்தது. நான்காவதில் கீழே.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. வெடி சுற்றியுள்ள நிலத்தை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். கருவி எங்கே இருந்தாலும் முதல் அசைவு மேலேதான் வரும். நில அதிர்வு அப்படியில்லை. பாறை வழுக்கும்போது சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்கும்; இழுபட்ட பக்கத்துக் கருவியில் கோடு கீழே இறங்கும். மூன்று மேல், ஒன்று கீழ் என்றால் அது வெடி இல்லை.

ஆனால் நான்காம் நிலையம் பொய் சொல்கிறது என்பது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு பெருமழையில் அந்த நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து கேபிள் பாழானது. அவரே போய் மாற்றினார். புதுக் கேபிளில் கம்பிகளின் நிற வரிசை வேறு. முழங்கால் தண்ணீரில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய வழக்கப்படி வெள்ளையை வெள்ளை இருந்த இடத்தில் சொருகினார். அன்றிலிருந்து அங்கே மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் பதிவாகிறது. மூன்று வாரம் கழித்து, எங்கோ கடல் தாண்டி வந்த ஒரு பெரிய அதிர்வில் மற்ற மூன்றும் கீழே இறங்க இது மட்டும் மேலே ஏறியபோதுதான் அவருக்கு உறைத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அலை, பக்கம்பக்கமாக இருக்கும் நான்கு கருவிகளை ஒரே மாதிரிதான் அசைக்கும்.

அன்றே தவறு அறிக்கை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காரணம் கேவலமானது. அதே தவறை இரண்டாம் நிலையத்தில் செய்ததற்காக, மழைக்கு முந்தின மாதம்தான் டெக்னீஷியனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "மேலு எது கீழு எதுன்னு தெரியாதவன் எல்லாம் வேலைக்கு வந்துட்டான்" என்று கிழித்திருந்தார். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர். பாவம், ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தான். அடுத்த தடவை போகும்போது சத்தமில்லாமல் கம்பியை மாற்றிவிடலாம் என்று இவர் தள்ளிப்போட்டார். அடுத்த தடவை வரவே இல்லை.

சாயங்காலம் செய்தி வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரியில் தடுப்புச் சுவர் சரிந்து, எடைமேடையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா செத்துப்போனார். 'எங்கள் வெடி அனுமதித்த அளவுதான், ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. சுவரைத் தள்ளியது நில அதிர்வு' என்றார் முதலாளி. ஒரு மணிக்கு ஒரு சின்ன வெடி திரையிலும் இருந்தது. ஒன்று பன்னிரண்டு அதைப் போலப் பத்து மடங்கு.

அந்தக் குவாரியில் வெடி வைப்பவர் இவருடைய சொந்தத் தங்கையின் கணவர். ஒரே வீடு. அவர்கள் கீழே, இவர் மேலே. ஒரே கேட், ஒரே படிக்கட்டு.

புதன்கிழமை காலை, படியிறங்கும்போது தங்கை வழிமறித்தாள். கையில் சோப்பு நுரை.

"அண்ணே, அது நில அதிர்வுதானே?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான்மா இருக்கோம்."

"மூணு மேல, ஒண்ணு கீழன்னு சொல்லிக்கிறாங்களே. கீழ போனா வெடி இல்லையாமே."

"யார் சொன்னா?"

"குவாரி ஆளுங்கதான். முதலாளிக்கு உங்க ஆபீஸ்ல ஆள் இல்லாமலா இருக்கும்?" நுரையைப் புடவையில் துடைத்தாள். "அவரு ராத்திரி பூரா தூங்கலண்ணே. சாப்பிடவும் இல்ல. செத்துப்போனவரு கூடத்தானே தினம் மதியம் உக்காந்து சாப்பிடுவாரு. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். இருக்கிறத இருக்கிறபடி எழுது, போதும்."

இருக்கிறதை இருக்கிறபடி. அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். உள் அறை ஜன்னலில் மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து எல்லா வழியையும் யோசித்தார். சும்மா இருந்தால் மாப்பிள்ளை தப்புவார். செத்தவர் வீட்டுக்கு இயற்கைச் சீற்றம் என்று ஒரு காகிதம் போகும், அதோடு சரி. கம்பி மாறியதைச் சொன்னால், தங்கை புருஷனை ஜெயிலுக்கு அனுப்பியவர் என்று ஆகும். அதுவும் திருத்தம் போட்ட தேதியையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். சாவுக்குப் பிறகு திருத்தினாயா என்று ஒரு கூட்டம் கேட்கும். முன்பே தெரிந்தும் மறைத்தாயா என்று இன்னொரு கூட்டம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவர். சும்மா இருப்பதிலும் நிம்மதி கிடையாது. கடல் தாண்டிய அந்தப் பதிவு கோப்பில் கிடக்கிறது. கண் உள்ள எவனாவது என்றைக்காவது நான்கு கோட்டையும் வரிசையாக வைத்துப் பார்ப்பான்.

வியாழக்கிழமை மதியம் இயக்குநர் கூப்பிட்டார். அறையில் ஸ்க்ரூவும் நின்றுகொண்டிருந்தான்.

"அஞ்சு மணிக்கு அறிக்கை போகணும். ரெண்டு நாளா என்னய்யா பண்ற?"

"பின்னால வர்ற எஸ் அலை ரொம்பச் சின்னதா இருக்கு சார். நில அதிர்வுன்னா பெருசா இருக்கணும்."

"மலை குறுக்க இருக்கு, மங்கிப்போயிருக்கும். ஒரு கீழ் இருக்குல்ல? அது போதும். வெடி கீழ இழுக்காது." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. "இங்க பாரு, உன் கஷ்டம் புரியுது. சொந்தக்காரர் விஷயம். நீ கையெழுத்துப் போட்டா நாளைக்கு யாராவது பேசுவான். அதனால நீ ஒதுங்கிக்கோ. இவன் போடட்டும்."

ஸ்க்ரூவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருட வேலையில் அறிக்கையில் அவன் பெயர் வந்ததே இல்லை.

"குடுங்க சார். மூணு மேல, ஒண்ணு கீழ. இப்பல்லாம் எனக்கு மேலு கீழு நல்லாத் தெரியும்" என்றான், இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அதில் குத்தல் இருந்தது, பகை இல்லை.

கேட்காமலே தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிறகு ஒருநாள் உண்மை தெரியவந்தால், கம்பி மாற்றிச் சொருகியவன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்த ஒரு பக்கம் ஸ்க்ரூவின் கோப்பில் இருக்கிறது. அறிக்கையிலும் அவன் கையெழுத்து. யாரும் இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். டெக்னீஷியன் பேனா மூடியைத் திருகிக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போடாதே" என்றார்.

"ஏன் சார்?"

"நாலாவதுல கம்பி மாறிக் கிடக்கு. நான்தான் மாத்திச் சொருகினேன்."

இவரே மேசைக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தார். மூன்று கீழே, ஒன்று மேலே. இயக்குநர் கண்ணாடியை மாட்டி, மூக்கு திரையில் முட்டும் வரை குனிந்து பார்த்தார்.

"இது செவ்வாய்க்கு முன்னாடி."

"மூணு வாரம் முன்னாடி சார்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அதையும் எழுது" என்றார். "உன் கைப்பட எழுது."

ஸ்க்ரூ பேனாவை மூடி இவர் முன் வைத்தான். ஏதாவது சொல்வான் என்று இவர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனான்.

அறிக்கை ஐந்து மணிக்குப் போனது. நான்கும் மேல், ஒன்று பன்னிரண்டுக்கு நடந்தது வெடி. காலையில் வெளியே வரும்.

வேறு எவன் வாயிலிருந்தும் அது வருவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நேரே வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை படிக்கட்டின் கடைசிப் படியில், யாரும் தாண்டிப் போக முடியாதபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. உள்ளே தங்கை குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், கோடு என்ன சொல்லுது?" என்றார். இரண்டு வருடமாகக் கேலிக்குக் கேட்கும் கேள்வி. அன்று குரலில் கேலி இல்லை.

"வெடின்னு சொல்லுது மாப்பிள்ளை. அனுப்பிட்டேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். இவர் உட்கார்ந்தார். குறுகலான படி, தோளும் தோளும் இடித்தன.

"ஒரு மணிக்குப் போட்டதுல பாதிக் குழி வெடிக்கல" என்றார் மாப்பிள்ளை. "அந்த மாதிரி ஆனா அரை மணி நேரம் கிட்டயே போகக்கூடாது. சட்டம். லாரி நிக்குது, லாரி நிக்குதுன்னு முதலாளி உசுர எடுத்தாரு. குழிக்குக் குழி கொஞ்சம் நேரம் விட்டு வெடிக்க வைக்கிற டெட்டனேட்டர் தீந்துபோச்சு. மிச்சத்த எல்லாம் ஒரே திரியில சேத்துக் கட்டுடான்னாரு. கட்டினேன்."

இவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் ஒண்ணா வெடிச்சதுன்னு அந்தக் கோட்டுல தெரியுமா மச்சான்?"

"தெரியும். தனித்தனியா போயிருந்தா நீளமா இழுத்திருக்கும். இது ஒரே அடியா இருக்கு."

"எவ்வளவு மருந்துன்னு?"

"கிட்டத்தட்ட சொல்லிடலாம்."

குழாய்ச் சத்தம் நின்றது. தங்கை உள்ளே அசையாமல் நிற்பது இருவருக்கும் தெரிந்தது.

"யார் சொல்லிக் கட்டினேன்னு கோட்டுல தெரியுமா?" என்றார் மாப்பிள்ளை.

"அது தெரியாது" என்றார் அவர்.