முதல் மூட்டை

"எதுக்க வராதீயன்னு எத்தன மட்டம் சொல்லணும், மைனி?"

செருப்பில் நுழைத்த காலை உருவிக்கொண்டு பூலோகம் மறுபடி குடிசைக்குள் வந்து உட்கார்ந்தான். வாசலில் நின்ற முருகம்மாள் அவன் அண்ணன் பூதத்தானின் மனைவி. போன மழைக்காலத்தில், தாராவிக் குடோனின் மாடிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் கோதுமை மூட்டையோடு ஏறிய பூதத்தான் வழுக்கி விழுந்து செத்தான். பதினாறு கழிந்ததும் அதே பலகையில் முருகம்மாள் மூட்டை சுமந்தாள். அப்போது அவள் எதிரே வந்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

இப்போது குடோன் முதலாளி சேட் பலகையை மூலையில் போட்டுவிட்டு, கரண்டில் ஓடும் சாய்வு பெல்ட் ஒன்றைப் பூட்டியிருக்கிறார். கீழே மூட்டையை வைத்தால் அதுவே மாடிக்குப் போய்விடும். சுமக்கிறவர்கள் இனி எதற்கு? அடியில் எடுத்து வைக்க நாலு பேர் போதும். இன்று பெல்ட்டுக்குப் பூஜை முடிந்ததும் அந்த நாலு பேரைப் பொறுக்குவார்கள். அதில் இடம் கிடைக்காவிட்டால் முருகம்மாளின் பெண்பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

"நானும் வாரேன், தம்பி. மேஸ்திரி நீங்க, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"வாங்க. ஆனா மொத மூட்ட மேல போற வரைக்கும் கதவுக்குப் பின்னால நில்லுங்க. சேட்டு கண்ணுல பட்டா எம் பொழப்பும் போச்சு."

அவள் நின்றாள். தகரக் கதவுக்குப் பின்னால், கோணிக் குவியலுக்கு நடுவே, பூஜை மணியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். குங்குமம் தடவிய முதல் மூட்டை பெல்ட்டில் பாதி தூரம் ஏறியது. கரண்டு போயிற்று.

"எந்த அறுதலி எதுக்க வந்தா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஒளித்து வைத்தாலும் விடுவதில்லை நம் சாஸ்திரம்! பம்பாயில் கரண்டு போவதற்கும் ஒரு விதவை வேண்டியிருக்கிறது.

வானம் கறுத்தது. லாரியில் கோதுமை நனையப்போகிறது. சேட் பழைய பலகையைச் சாய்க்கச் சொன்னார். சகுனம் கெட்டு மழையும் வரும் நேரத்தில், பூதத்தான் வழுக்கி விழுந்த பலகையில் கால் வைக்க ஒருவனும் முன்வரவில்லை. பூலோகம் கதவுக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"மைனி, சீக்கிரம்! நீங்க ஏறினாத்தான் மத்தவனும் ஏறுவான்."

"பலகைக்கு மட்டும் அறுதலி ஆவுமோ, தம்பி?"

அவன் வழிவிட்டு விலகினான். அவள் நேரே பெல்ட்டின் அடியில் போய், சேட்டுக்கு எதிரிலேயே நின்றாள்.

"நாளையிலேருந்து எனக்கு இங்கன வேலன்னு சேட்டு வாயால சொல்லச் சொல்லுங்க, தம்பி. பொறவு ஏறுதேன்."

முதல் தூறல் விழுந்தது. சேட் கோதுமையைப் பார்த்தார்; சரியென்று தலையாட்டினார். "அச்சா, அச்சா! சலோ!"

முருகம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நனைகிற பலகையில் கால் வைத்தாள். அவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்றவர்களெல்லாம் அவளை முன்னே விட்டு, பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்போது யாரும் சகுனம் பார்க்கவில்லை.