கதிருக்கு முடிந்த வருஷம்

அமீரிடம் பல வருஷங்கள் இருந்தன. எது தோதோ அதை எடுத்துக்கொள்வான். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் காட்டித்தான் அமீர் என் வீட்டுக்காரன் வர்சக்கைக் கோட்டைக்குள் அடைத்து வைத்திருந்தான்.

சமர்கந்துக்குக் கிழக்கே, ஆற்றோரம் எங்கள் ஊர். போன கோடையில் அரபுப் படையிடம் பணிந்தோம். அந்த முறை அவர்களுடைய பிறைப் புத்தாண்டும் எங்கள் புத்தாண்டும் ஏறக்குறைய சேர்ந்தே பிறந்தன. "இந்தப் புத்தாண்டிலிருந்து ஒரு வருஷம். அடங்கியிருந்தால் ஆட்களைத் திருப்பித் தருவேன்" என்று படைத்தலைவனான அந்த அமீர் தன் கடவுள் பெயரில் சத்தியம் செய்து, வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையைப் பிணையாகக் கொண்டுபோனான். யாருடைய வருஷம் என்று எங்கள் பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பட்டு நூலை நனைத்து எடை கூட்டுகிறவனைத் தொட்டுப் பார்த்தே பிடித்துவிடுவோம் என்று பீற்றிக்கொள்ளும் ஊர் இது!

பிறை வருஷத்துக்குக் கால் நீளம். எங்கள் வருஷத்தை முந்திக்கொண்டு ஓடிவிடும். இந்த முறை கோதுமை பச்சையாக நிற்கும்போதே அமீரின் வீரர்கள் வந்துவிட்டார்கள். "வருஷம் முடிஞ்சுபோச்சு, விளைச்சல்ல எங்க பங்கை எடு" என்றார்கள். பால் பிடித்த கதிரை அறுத்துக் கொடுத்தோம். அழுகை வந்தது, ஆனால் கொடுத்தோம். "அப்படியானால் எங்கள் ஆட்கள்?" என்று கேட்டதற்கு, "உங்க கணக்குல வருஷம் இன்னும் முடியலையே" என்று அமீர் சிரித்தானாம். கொஞ்ச நாளில் அவனுடைய பாரசீக எழுத்தருக்கும் புத்தாண்டு பிறந்து, கோட்டையில் இனிப்புக்கூடக் கொடுத்தார்கள். மிச்சமிருந்தது எங்கள் வருஷக் கடைசியின் ஐந்து நாள் மட்டும்தான்.

அந்த ஐந்து நாளும் எந்த மாதத்திலும் சேராது. செத்தவர்களுடைய நாள்கள். கூரைமேல் அவர்களுக்குச் சோறு வைத்துவிட்டு வீட்டுக்குள் அழுதுகொண்டிருப்போம். ஊர்வாசலை யாரும் தாண்டக்கூடாது.

முதல் நாள் விடியும்போதே துருக்கி ஒட்டகக்காரன் கயிறு கேட்டு வந்தான்.

"இத்தனை கயிறு எதுக்கு?" என்றேன்.

"மெர்வுக்குப் போறேன் தாயி. கோட்டைல இருக்கற ஆளுங்கள ஏத்தணுமாம். நீங்கல்லாம் உள்ள உக்காந்து அழற நேரமாப் பாத்துக் கெளம்பச் சொல்லி அமீரு உத்தரவு" என்றவன், என் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை வாங்காமலே நழுவினான்.

பாலைக்கு அப்பால் அரபு ஆளுநர் இருக்கும் ஊர் மெர்வு; அங்கே கொண்டுபோனவன் திரும்பிய கதை எங்கள் ஊரில் இல்லை. பிணை கொடுத்த வீடுகளின் கதவையெல்லாம் தட்டினேன். பக்கத்து வீட்டு வன்னுக், மகனைக் கொடுத்தவள், செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். ஊர்வாசலில் பூசாரி ஃபர்னாச் கையை விரித்து மறித்தார்.

"சாத்திஸ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உயிரோட இருக்கறவ இன்னைக்கு வாசல் தாண்டினா வர்ற வருஷமே தீட்டாயிடும்!"

"அப்ப எங்களச் செத்தவங்கன்னு வெச்சுக்கங்க சாமி. இன்னைக்கு எங்க நாள்தானே?"

வன்னுக் குனிந்து புழுதியை அள்ளி முகத்தில் பூசினாள். எல்லாரும் பூசினோம். தலையை விரித்துக்கொண்டு அவரைத் தள்ளிவிட்டுப் போனோம்.

கோட்டை வாசலில் ஒட்டகங்கள் மண்டியிட்டிருந்தன. எங்கள் ஆண்கள் கை கட்டப்பட்டு வரிசையாக நின்றார்கள். ஒட்டகங்களுக்கு முன்னால் போய், பாதையை அடைத்து உட்கார்ந்தோம்.

அமீர் குதிரையில் வந்தான். எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாகவே வரும். "எந்திரிங்க. உங்க வருஷம் இன்னும் முடியலை."

நான் அவனோடு பேசவில்லை. சுற்றி நின்ற வீரர்களைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏம்ப்பா, புதுப் பிறையைப் பாத்தீங்களா இல்லையா? அன்னைக்குத்தானே எங்க பச்சைக் கதிரை அறுக்க வெச்சு வாங்கிட்டுப் போனீங்க? கதிருக்கு முடிஞ்ச வருஷம் மனுஷனுக்கு முடியாதா? சத்தியம் பண்ணது எங்க சாமி பேர்லயா, உங்க சாமி பேர்லயா?"

"வாயை மூடு!" என்றான் அமீர்.

"மூடமாட்டேன். கொண்டுபோகணும்னா எங்க மேல ஒட்டகத்தை ஓட்டிட்டுப் போ."

வீரர்களில் பாதிப்பேருக்கு எங்கள் பேச்சு தெரியும். மீதிப்பேர் பக்கத்திலிருப்பவனிடம் கேட்டுக்கொண்டார்கள். முணுமுணுப்பு வரிசை முழுக்க ஓடியது. நரைத்த தாடிக்காரன் ஒருவன் ஈட்டியைத் தரையில் ஊன்றினான்.

"அமீரே, அந்தப் பிறையை முதல்ல பாத்துச் சொன்னவன் நான். இறைவன் பேர்ல சொன்ன வார்த்தைய வெச்சு விளையாடாதீங்க. எனக்கு வேண்டாம் இந்தப் பாவம்."

அமீர் எங்களுக்காக விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்தான். குதிரையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். தாடிக்காரன் கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுக்க ஆரம்பித்தான்.

வர்சக் பாதியாக இளைத்திருந்தான். புழுதி பூசிய என் முகத்தை அடையாளம் காண அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோட்டைக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதி சொல்லியிருக்கிறார்கள். பயந்த குரலில் கேட்டான்.

"சாத்திஸ், புது வருஷம் பொறந்துடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றேன். "அது வர்றப்ப வரட்டும். நீ நடய்யா."