லூக்காஸ் குடித்த விளம்பரம்

மார்ச் நான்காம் திகதி மாலை, துபாய் விமான நிலையத்தின் விளம்பரப் பலகையொன்றில் அச்சிடப்பட்டிருந்த கிளாஸில் சாராயம் இரண்டு விரற்கடை குறைந்தது. அதே நேரத்தில் லண்டனிலும் சிட்னியிலும் அதே அளவு குறைந்தது. விடிந்தபோது மூன்று ஊர்களிலும் கிளாஸ் பழையபடி நிரம்பியிருந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படியே நடந்தது.

அந்த விளம்பரத்தை உருவாக்கியவள் ரொஷானி. பதுளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கொழும்பு விளம்பர நிறுவனமொன்றில் கலை இயக்குநர். உள்நாட்டில் சாராயத்துக்கு விளம்பரம் செய்யச் சட்டம் இடம் கொடுக்காததால் அவளுடைய வேலை வெளிநாடுகளுக்கே போனது. பனி இறங்கும் தேயிலை மலை, மரப்பலகை மேல் ஒரு கிளாஸ், ஆள் யாரும் இல்லை. அந்த வெளிச்சத்துக்காக ஆறு நாள் காத்திருந்தாள். படம் எடுத்த இடம் தன் லயத்துக்கு நேர் கீழே என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. முதல் பிரதியை, வீட்டின் ஈரச்சுவரை மறைக்கட்டும் என்று அம்மா மதலேனாவுக்கு அனுப்பினாள்.

அச்சகத்தில் பிழையில்லை என்று உறுதியாக இரண்டு மாதம் பிடித்தது. பிறகு மேலாளர் ஸரூக், வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அவள் பதுளைக்கு ரயில் ஏறினாள்.

மாலை ஆறு மணிக்கு அப்பா லூக்காஸ் படத்தின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் தோட்டத்துச் சாராயக் கடையான தவறணையில் குடித்தவர். படத்தையே பார்த்தார், தொண்டை ஏறி இறங்கியது, கிளாஸில் அளவு குறைந்தது. அறையில் சாராய வாடை வந்தது. பிறகு சோறு தின்று படுத்துக்கொண்டார்.

"படம் வந்த நாள்லருந்து தவறணைப் பக்கமே போறதில்ல," என்றாள் மதலேனா. "எம்மேல கை வச்சு ரெண்டு மாசமாச்சு. அதக் கழட்டிட்டுப் போயிராத புள்ள."

ரொஷானி வெறுங்கையோடு திரும்பி, நடந்ததை ஸரூக்கிடம் அப்படியே சொன்னாள்.

"எத்தனை மணிக்குக் குறையுது?" என்று கேட்டார் அவர்.

"நம்ம நேரம் ஆறு மணிக்கு."

பலகைகளில் அந்த நேரத்தையும் சேர்த்து அச்சிட்டார்கள். விமான நிலையங்களில் பயணிகள் கூடி நின்று பார்த்தார்கள். விளம்பரத்துக்கு விருது கிடைத்தது. ரொஷானி அதை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தாள்.

மூன்று வருடத்தில் லூக்காஸின் ஈரல் கெட்டுப்போனது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "மூணு வருசமா ஒரு சொட்டுக்கூட வாயில வைக்கலைங்க," என்றாள் மதலேனா. அது உண்மை. ஜூலையில் அவர் இறந்தார். அடக்கத்தின்போது ரொஷானி அழவில்லை. குழிமண்ணின் சிவப்பு, தான் வரைந்துகொண்டிருந்த புதிய போத்தல் லேபிளுக்குப் பொருந்தும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வருந்தவும் முடியவில்லை.

ஒன்பது நாள் மூன்று ஊர்களிலும் கிளாஸ் நிறைந்தே இருந்தது. பத்தாம் நாள் மாலை ஒரு விரற்கடை குறைந்ததாக துபாயிலிருந்து தகவல் வந்தது. ரொஷானி வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, நீங்களா?"

"என்ன செய்யச் சொல்ற. ஆறு மணியானா அந்த நாக்காலி சும்மா கெடக்கு."



"கசக்குதாம்மா?"

"பழகிரும்."

இனி அளவு ஒரு விரற்கடைதான் என்று மூன்று ஊர்களுக்கும் ரொஷானி எழுதி அனுப்பினாள்.