கோட்டுக்குள் தைத்திருந்த தாள்

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் தங்கை அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஷெட்டில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவுகிற வேலை. முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"அன் திக்கே, சில் வூ ப்ளே."

ஒரு டிக்கெட் கொடுங்கள். பாண்டிச்சேரி காலேஜில் மூன்று வருஷம் நான் பிரெஞ்சு எடுத்துப் படித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பி.ஏ. நான். கடலூரில் ஒரு ஆபீஸில் தபால் பிரித்துக் கொடுப்பதற்கு அது போதுமாக இருக்கிறது.

"யாருடி சொல்லிக் குடுத்தாங்க?"

"மாப்பிள்ளை வூட்டுல எழுதியே அனுப்பிட்டாங்கக்கா. கோட்டுக்குள்ள வெச்சுத் தச்சிருந்துச்சு."

மாப்பிள்ளை சக்கரபாணி, பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பிரான்சில் கார் தொழிற்சாலையில் வேலை. முப்பத்தைந்து வயது. லீவில் வந்திருந்தார். அவருடைய அத்தை ராஜம்மாள்தான் எல்லாம் பேசியது. நகை வேண்டாம், சீர் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்றார்கள். அந்த வார்த்தையில் அப்பா விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ராஜம்மாள் வந்து அப்பாவையும் அம்சவல்லியையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பதிவு. அதற்குப் பிறகு அவள் பிரெஞ்சுக்காரனின் மனைவி. கப்பலோ விமானமோ, அவர்கள் ஏற்றுவதில் ஏற வேண்டியதுதான்.

அங்கே குளிர் என்று ஒரு பழைய கம்பளிக் கோட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். தொளதொளவென்று இருந்ததால் அம்சவல்லி பக்கத்துத் தையலைப் பிரித்திருக்கிறாள். உள்துணிக்கு அடியில் நாலாக மடித்த தாள்.

"தூர தேசம் போறவங்க முக்கியமானத துணியில வெச்சுத்தான் தைப்பாங்க," என்றாள் அம்மா கண்ணம்மாள். "அவங்களுக்கு எவ்ளோ அக்கறை பாரு. பஸ்ஸுல போவ வர என்ன பேசணும்னு தமிழ் எழுத்துலயே எழுதியிருக்காங்க."

"பஸ்ஸுன்னு எப்படித் தெரியும்?"

"மேல தலைப்பு போட்டிருக்குதே, 'பஸ்ஸுக்கு'ன்னு," என்றாள் அம்சவல்லி. "ஷெட்டுல எல்லாரும் கேட்டாங்கக்கா. அஞ்சாவது வரியில மாரின்னு வருது. நம்ம மாரியாத்தா அங்கயும் கெடக்குறாளான்னு தங்கம்மா அத்தை கேட்டுச்சு. இன்னிக்கு முழுக்க அந்தச் சிரிப்புதான்."

மாரி என்றால் பிரெஞ்சில் புருஷன்.

"மறுபடி சொல்லு. நிறுத்தாம."

சொன்னாள். ஏழு வரி. நல்ல ஞாபகசக்தி, ஒரு எழுத்து பிசகவில்லை. ஒரு டிக்கெட் கொடுங்கள். இந்த பஸ் ரயில் நிலையத்துக்குப் போகுமா? இங்கே இறங்குகிறேன். என்னிடம் காசு இல்லை. என் புருஷனிடம் எதுவும் சொல்லாதீர்கள். என் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. கதவை மூடுங்கள், சீக்கிரம்.

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஃபெர்மே லா போர்த், வீத்."

தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் மூன்று வரிகள் மையில், குண்டு குண்டாக, கோடு போட்டு எழுதியவை. மிச்சம் பென்சில். எழுதியது ஒரே கைதான், யாரோ ஒரு பெண்ணின் எழுத்து, ஆனால் சாய்ந்து ஓடியது. ஏழாவது வரிக்குக் கீழே எட்டு என்று எண் போட்டிருந்தது. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

நான் அர்த்தம் சொன்னேன், ஒவ்வொரு வரியாக. அம்சவல்லி கையிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா சூளை ஷெட்டிலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னேன். அப்பா கோவிந்தசாமி நல்ல மனுஷன், பயந்த மனுஷன். ரெண்டும் சேர்ந்தால் பெண்களுக்குத்தான் ஆபத்து.

"பழைய கோட்டு. சந்தையில வாங்கியிருப்பாங்க. எவளோ எழுதி வெச்சதுக்கு இவுங்க என்னம்மா பண்ணுவாங்க?"

"பிரான்சு சந்தையில விக்கிற கோட்டுக்குள்ள தமிழ் எப்படிப்பா வரும்?"

"நீ எல்லாத்துக்கும் கோணலாவே பாப்ப. வெத்தல பாக்கு மாத்தியாச்சு. ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. நாளைக்குக் கிளம்புறோம்."

அம்சவல்லி கோட்டை எடுத்துப் பிரித்த தையலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மறுநாள் காலை ராஜம்மாள் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தோல் பை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு வியட்நாமில், சைகோனில் பத்து வருஷம் குடும்பம் நடத்தியதில் ராஜம்மாளுக்குப் பிரெஞ்சு பழக்கம்.

"ரெடியா? பத்தரை பஸ்ஸ புடிச்சிடலாம்," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

காபி கொண்டுவந்த அம்சவல்லி டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். கைகட்டிக்கொண்டாள். யாரும் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஆரம்பித்தாள்.

முதல் வரிக்கு ராஜம்மாள் தலையாட்டினார். "அட, அக்காகாரி சொல்லித் தந்தாளா?" இரண்டாவது வரியில் ஒரு உச்சரிப்பைத் திருத்தினார். அம்சவல்லி திருத்திச் சொல்லிவிட்டு மேலே போனாள். நான்காவதில் ராஜம்மாளின் தலையாட்டல் நின்றது. ஐந்தாவதில் காபியைக் கீழே வைத்தார். ஏழு வரியையும் அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அந்தத் தாளு எங்க?" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தாளுன்னு நாங்க யாரும் சொல்லலியேம்மா."

"பின்ன? காத்துலயா படிச்சா?"

"பெரியவ பிரெஞ்சு படிச்சவ. அவ சொல்லித் தந்தான்னு நீங்கதான இப்ப சொன்னீங்க." அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "முன்ன ஒரு பொண்ணு இருந்துச்சா?"

ராஜம்மாள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இருந்துச்சு. சரிப்பட்டு வரல."

"இப்ப எங்க இருக்குது?"

"அத எதுக்குத் தோண்டுறீங்க? நீங்க நல்லா இருக்கணும்னுதான வந்தேன்."

"எங்கன்னு கேட்டேன்."

ராஜம்மாள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அம்சவல்லி உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்தாள். தையல் ஒழுங்காகப் போட்டு, மடித்திருந்தது. ராஜம்மாளின் மடியில் வைத்தாள்.

"எனக்கு வேணாங்க."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நீங்க கிளம்புங்கம்மா," என்றார்.

நான் ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். ராஜம்மாள் சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. மிச்சக் காபியைக் குடித்தார். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டார். "தாள நீயே வெச்சுக்க பாப்பா," என்றார் என்னிடம். "பெண்ணாடத்துல ஒரு வூடு சொல்லியிருக்காங்க. கரும்பு வெட்டுற குடும்பம். அங்க படிச்சவங்க ஒருத்தரும் இல்ல." வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டார். "சக்கரபாணிக்கு இன்னும் மூணு வாரம் லீவு இருக்குது."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழ ஆரம்பித்தாள். அப்பா பீடி பற்றவைக்க நாலு குச்சி கிழித்தார். அம்சவல்லி என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, அந்தப் பெண்ணாடத்துப் பொண்ணுக்கும் கோட்டுக்குள்ள இப்படித் தாளு கெடைக்குமா?"

"கெடைக்காது. இனிமே தையல பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க."

தாளைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. ராஜம்மாள் அதைத் தாண்டிப் போய்ப் பெண்ணாடம் வண்டியில் ஏறினார். நானும் ஏறினேன். பெண்கள் பக்கம் கூட்டம். எல்லா சீட்டும் நிறைந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் மட்டும், கோட்டு வைத்திருந்த இடம்.

என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"உக்காரும்மா, நிக்காத. பெண்ணாடம் வர முக்கா மணி ஆவும்."