மிஸ் சொன்னாங்க

கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைக்கக் குனிந்தபோது வாசலில் எழுந்த அலறலில் வைஷ்ணவியின் விரல் பிசகிவிட்டது. குங்குமம் புருவத்தில் தீற்றிக்கொண்டது.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இதுதான் ஐரின்," அம்மாவுடன் வேலை பார்த்த மௌரீன் டீச்சர் காதோரம் சொன்னாள். "கண்டுக்காதம்மா. பாத்தா இன்னும் ஜாஸ்தி பண்ணுவா."

வைஷ்ணவிக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டின்போது ஐரின் பேச்சு வராத நாள் குறைவு. எட்டாம் வகுப்பு. பிரேயரில் மயங்கி விழுவாள். சிவப்பு மையைக் கையில் தடவிக்கொண்டு ரத்தம் என்பாள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய் செத்துப்போனதாகச் சொல்லி வகுப்பையே அழவைத்திருக்கிறாள். ஈஜிபுராவில் மாமா வீட்டில் வளர்கிறாள்.

"நடிக்கிறாம்மா. நீ ஏன் ஏமாந்து போற?" என்று ஒருநாள் கேட்டாள் வைஷ்ணவி.

"நடிக்கிறது எனக்குத் தெரியாதா?" அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அவ விழறதுக்கு முன்னாடி நான் அவளப் பாத்துட்டேன்னா, விழறதில்ல. அவ்ளோதான்."

அதனால் வகுப்புக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் ஐரினைத்தான் கூப்பிடுவாளாம். போர்டு துடைக்கச் சொல்வாள். பின்னல் கோணலாக இருந்தால் அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவாள். அதைக் கேட்கும்போது வைஷ்ணவிக்கு எரிச்சல் வரும். நான் என் தலையை நானேதானே பின்னிக்கொண்டு வளர்ந்தேன் என்று நினைப்பாள். சொன்னதில்லை.

ஐரின் நிமிர்ந்தாள். "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ் எங்கிட்ட பேசினாங்க. 'எம் பொண்ணப் பாத்துக்கோ ஐரின்'னு சொன்னாங்க."

பள்ளிப் படிக்கட்டில் விழுந்த நிமிஷத்திலிருந்து அம்மா கண் திறக்கவேயில்லை.

சித்தி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "வாயில டியூபோட கெடந்தவ உங்கிட்ட பேசினாளா? சாவு வூட்ல வந்து என்னடி கத வுடற?"

ஐரின் சித்தியைப் பார்க்கவில்லை. வைஷ்ணவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க சித்தி," என்றாள் வைஷ்ணவி.

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. அம்மாவாக இருந்தால் ஏதோ சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள் என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஐரின் திணறினாள். இதுவரை யாரும் அவளை மேற்கொண்டு கேட்டதில்லை போலிருந்தது.

"வேற... நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க, அக்கா."

வைஷ்ணவி தலையாட்டினாள்.

"ஹொரடோணா சார்?" வண்டிக்காரர் கன்னடத்தில் கிளம்பலாமா என்று அப்பாவைக் கேட்டார். ஆண்கள் அம்மாவைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். வண்டி நகர்ந்ததும் ஐரின் அதன் பின்னால் ஓடினாள். கொஞ்ச தூரம் போய் நடுத்தெருவில் சரிந்து விழுந்தாள்.

"ஆரம்பிச்சிட்டா," என்றாள் மௌரீன் டீச்சர். "யாரும் கிட்ட போகாதீங்க. தானா எழுந்துப்பா."

யாரும் போகவில்லை. ஒரு ஸ்கூட்டர் ஒதுங்கிப் போயிற்று.

வைஷ்ணவி போனாள். "ஐரின்." கன்னத்தைத் தட்டினாள். உதடு வெளுத்திருந்தது, எப்போதுமே அப்படித்தானோ என்னவோ. நிஜமா நடிப்பா என்று அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வண்டி பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

"யாராவது தண்ணி கொண்டு வாங்களேன்."

"வைஷு, வந்து குளி. வூடு கழுவணும்," சித்தி கூப்பிட்டாள்.

வைஷ்ணவி தரையில் உட்கார்ந்து ஐரினின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தார் சுட்டது. உச்சி வெயில் நேராக அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தது. தன் நிழல் அதன்மேல் விழும்படி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.