சூடு ஆறுவதற்குள்

தொட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். பாக்டீரியா அப்படி வளர்ந்திருந்தது, கஞ்சி மாதிரி கெட்டியாக. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ராப்பகலாகப் புரதம் செய்கிற கிருமிக்கு இவ்வளவு கொழுக்க நேரம் ஏது?

சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகம் சரிதான். தொட்டி நிறையக் கிருமி, புரதம் மருந்துக்குக்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடிய ஒருத்தன், கூடப் பிறந்த தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். பிறவியிலேயே அவன் உடம்புக்கு அந்த ஒரு புரதத்தைச் செய்யத் தெரியாது. ஊசியில் ஏற்றாவிட்டால் ரத்தத்தில் நஞ்சு சேரும். அதை விற்றுவந்த கம்பெனி, நோயாளிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்று கையை விரித்துவிட்டது. இனி இந்தத் தொட்டிதான் கதி. கடைசி ஊசியும் போட்டாயிற்று.

எங்கே தப்பியது என்று அவளுக்குத் தெரியும். புரதத்துக்கான மரபணுவைக் கிருமிக்குள் ஏற்றும்போது, ஓர் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் சக்தியையும் சேர்த்தே ஏற்றுவார்கள். பிறகு சத்துக் கரைசலில் அந்த ஆன்டிபயாடிக்கைக் கலந்தால், மரபணுவைக் கழற்றி எறிந்த சோம்பேறிகள் செத்துவிடும், சுமக்கிறவை பிழைக்கும். ஆனால் கொதித்து இறங்கிய கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சுடச்சுட ஊற்றினால் ஆன்டிபயாடிக் செத்துப்போகும், சோம்பேறிகள் கொண்டாடும். வேலைக்குச் சேர்ந்ததும் படிக்கிற முதல் பாடம் அது. தம்பிக்கு மூச்சு வாங்குகிறது என்று அம்மா போன் செய்த அன்று, அவள் ஆறவிடாமல் ஊற்றிவிட்டாள். அவனுக்காக அவசரப்பட்டு அவன் தலையிலேயே கல்லைப் போட்டுவிட்டாள்.

மரபணு ஏற்றிய கிருமி ஃப்ரீசரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதிதாகக் கரைசல் கொதிக்கவைத்துப் பெரிய குடுவையை ஆறவைக்கத் தண்ணீரில் இறக்கியபோது போன் அடித்தது. தம்பிதான்.

"என்னக்கா, மருந்து ரெடியா?"

"இல்லடா. நான் கெடுத்துட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள ஊத்திட்டேன். மறுபடி முதல்லேருந்து செய்யணும்."



"உனக்கு எப்பவும் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரிதான்." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "இப்ப சுடுதா?"

குடுவையில் கை வைத்தாள். "சுடுது."

"அப்ப போனை வைக்காத. ஆறுற வரைக்கும் பேசிட்டிருப்போம். இல்லன்னா நீ ஊத்திடுவ."

பேசினார்கள். அம்மா அழுதே ஆளைக் கொல்கிறாள் என்றான். பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பழித்தான். அவள் கை குடுவையைவிட்டு எடுபடவே இல்லை. சனியன் பிடித்த சூடு இறங்குவேனா என்றது. அவன் பேச்சு விட்டுவிட்டு வந்தது, பிறகு வெறும் "ம்" ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை.

"டேய்... டேய், பேசுடா!"

அம்மாதான் பேசினாள். "கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான்டி. டாக்டர் ஓடி வர்றாரு. நீ உடனே வா!"

"வரேம்மா."

குடுவை அப்போதுதான் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருந்தது. முகமூடிக்குள் அழுதுகொண்டே ஆன்டிபயாடிக்கை அளந்து ஊற்றினாள், கிருமியைச் சேர்த்தாள், மூடியை இறுக்கினாள். இந்தத் தடவை எதுவும் தப்பவில்லை.